லீவுக்கு வந்தவன்

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இரவு பதினொன்று இருபது இருக்கும். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வருகிற சாலை. சுண்ணாம்புக்கல் லாரிகள்கூட ஓய்ந்துபோன நேரம்... இரண்டு பக்கமும் பருத்திக் காடு. சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அதை ஓட்டி வந்தவன் நம் ராசாத்தியின் தம்பி தர்மன்.

கை பாட்டுக்கு வெங்காயம் உரிக்கட்டும், காது இங்கே இருந்தால் போதும். நாளைக்குச் சிறுவாச்சூர் கோயிலில் ராசாத்தி மகளுக்குக் காதுகுத்து. இன்னும் அரை மூட்டை பாக்கி. ராசாத்தி பிள்ளையோடு உள்ளே படுத்துவிட்டாள். தர்மன் மாடியில் தனியாக. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவேன் என்று அழுது அடம்பிடித்து அவனை வரவழைத்திருக்கிறாள். ஒன்றரை வருஷத்தில் அவன் எடுக்கிற முதல் லீவு இது. ஏன் லீவே எடுப்பதில்லை என்று கேட்டாயே ஜெயசித்ரா, அதைத்தான் சொல்கிறேன். அவன் வாயால் எனக்குச் சொன்னது.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. பெயர் எதற்கு? அங்கே கில்ன் என்று ஒரு சூளை. படுக்கப் போட்ட இரும்புக் குழாய் மாதிரி இருக்குமாம். ஒரு பஸ்ஸே உள்ளே போகலாம். வருஷத்துக்கு ஒருமுறை அதை அணைத்து, உள்ளே தேய்ந்துபோன செங்கல்லை எல்லாம் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்க வேண்டும். தர்மனும், பேரளிக்காரன் மணிவண்ணனும் கல் பதிக்கிற ஜோடி. பன்னிரண்டு மணி நேரம் என்று பெயர், பதினாறுக்குக் குறையாது. தர்மனுக்குச் சிறுவாச்சூரில் வீடு, நாற்பது கிலோமீட்டர்தான். போய்வரத் தெம்பு வேண்டுமே. தகரக் கொட்டகையில் படுக்கை. தலைக்கு மேலே விடியவிடிய ஆலைச் சங்கு ஊதும்.

இருபத்தொரு நாள் அப்படி. கல் தூக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. தர்மன்தான் ஆரம்பிப்பான்.

"லீவு விட்டா மொத வேலையா என்னடா செய்வே?"

"தூங்குவேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சுக் கருவாட்டுக் கொழம்பு ஊத்தித் தின்னுட்டு மறுபடி தூங்குவேன். உம்பொண்டாட்டி வந்து எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேன்."

"எம்பொண்டாட்டி எதுக்குடா ஒன்னய எழுப்புறா?"

"என் கொறட்ட சிறுவாச்சூரு வரைக்கும் கேக்கும்ல. அதான்."

மணிவண்ணன் குறட்டை அந்தக் கொட்டகையில் பிரபலம். கொர்ரென்று ஏறி, இறங்கும்போது உதட்டோரம் மெல்லிய விசில் அடிக்கும். வைத்த இடத்தில் தூங்குவான். கல் அடுக்கின் மேல், தட்டுவண்டியில்... ஒருநாள் நின்றுகொண்டே.

"பெரியம்மா, மாடியில அண்ணனா இப்படிக் கொறட்ட விடுறாங்க?" என்றாள் ஜெயசித்ரா.

"நீ உரி," என்றேன்.

அந்தக் கில்ன் வாசலில் ஒரு பலகை. உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் கழற்றிக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் கதவை மூடித் தீ வைப்பார்கள். ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடக் கூடாது. அது சட்டம். ஆனால் வேலை முடிந்து கேட்டில் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஜோடியில் ஒருவன் இரண்டையும் எடுத்துப்போய்க் கொடுத்துவிடுவான். எல்லோரும் செய்கிறதுதான். சூப்பர்வைசர் ராஜதுரைக்கும் தெரியும்.

கடைசி நாள் ராத்திரி. கடைசிக் கல்லும் பதித்தாயிற்று. இரண்டு பேருக்கும் இரண்டு நாள் லீவு. மணிவண்ணன் உள்ளேயே கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"என் டோக்கனையும் எடுத்துக்கடா. கேட்டுல நிக்க காலு இல்ல. ரெண்டு நிமிசம் கண்ண மூடிட்டு வந்துடுறேன்."

"தூங்கிடாதடா. பன்னெண்டு மணிக்குக் கொளுத்துறாங்க."

"லீவு நாள்ல எவனாச்சும் இங்க தூங்குவானா? நீ வண்டிய எடு."

தர்மன் இரண்டு டோக்கனையும் கழற்றினான். வரிசையில் நின்றான். கொடுத்தான். வண்டி நிறுத்தத்துக்குப் போய் ஏறி உட்கார்ந்தபோது கண் எரிகிறது, கை மரத்துப்போயிருக்கிறது. ஹேண்டில் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது... பின்னால் வண்டி அமுங்கியது. ஆள் ஏறினால் ஸ்பிரிங் இறங்குமே, அந்தச் சத்தம்.

"போலாமா?"

பதில் இல்லை. களைத்திருந்தால் மணிவண்ணன் பேச மாட்டான். தர்மன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பவும் அலுப்பு. கிளப்பிவிட்டான்.

வழியெல்லாம் முதுகில் ஒரு தலை சாய்ந்து கிடந்தது. ஈரச் சாந்து வாசனை. புதுக் கல் தூள் வாசனை. காதோரம் கொர்ர்... பிறகு அந்த விசில். "விழுந்துடாதடா" என்று இவன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான்.

பேரளி வந்தது. ஓரம் கட்டினான்.

"எறங்குடா. ஒங்க ஊரு வந்துருச்சு."

யாரும் இறங்கவில்லை. கையைப் பின்னால் விட்டுத் தடவினான். சீட்டு காலி... ஆனால் பின்பக்கக் கால்மிதி இரண்டும் விரிந்தே இருந்தது.

மணிவண்ணன் நம்பருக்குப் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட எடுத்தபோது அவன் கையிலேயே போன் அதிர்ந்தது. ராஜதுரை.

"தர்மா, போர்டு காலிப்பா. கதவைச் சாத்திட்டோம். கொளுத்தப் போறோம். எதுக்கும் கேட்டுக்கறேன்... மணி ஒன்கூடத்தானே வந்தான்?"

பார், அந்த இடம்தான். "தெரியல, உள்ள பாருங்க" என்று ஒரு வார்த்தை. சொன்னால் கதவைத் திறப்பார்கள். டோக்கனைத் தொட்டது வெளியே வரும். அந்த ராத்திரியே திரும்பி வரச் சொல்லி விசாரிப்பார்கள். லீவு போகும். இருபத்தொரு நாள்... வீட்டில் அவன் மனைவி சசிகலா குழம்பைச் சுடவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதுகில் இன்னும் ஒரு தலை கனம். அவன் வராமலா இவ்வளவு தூரம் குறட்டை கேட்டது?

"வந்துட்டான்ணே. என் வண்டியிலதான் வந்தான்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். படுத்தான்.

தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் ஏங்கின பாய், ஏங்கின ஃபேன் காற்று. கண்ணை மூடினால் பக்கத்தில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம். முதல் ராத்திரி ஈரச் சாந்து வாசனை. இரண்டாம் ராத்திரி சுட்ட கல் வாசனை. பாயில் அந்தப் பக்கம் கை வைத்தால் அடுப்படித் தரை மாதிரிச் சுடுகிறது. இரண்டு நாளும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான். இரண்டாம் நாள் காலையில் காபி கொண்டுவந்த சசிகலா சிரித்தாளாம்.

"என்னா தூக்கம், என்னா கொறட்ட. ரெண்டு நாளும் நான் புள்ளயத் தூக்கிட்டு அடுப்படியில போயிப் படுத்தேன். எப்பலேருந்து இந்த விசிலு?"

அன்றைக்கு மத்தியானம்தான் மணிவண்ணன் வீட்டிலிருந்து போன். "லீவுன்னாரே, இன்னும் வரலையே."

போலீஸ் வந்தது. "கில்னைத் திறந்து பார்த்தாங்களா?" என்றாள் ஜெயசித்ரா. எதற்குத் திறப்பார்கள்? பலகை காலி. கேட்டில் இரண்டு டோக்கனும் வந்து சேர்ந்திருக்கிறது. கூட வந்தவனே 'வந்தான்' என்று சொல்லிவிட்டான். உள்ளே கல் உருகுகிற சூடு. திறந்தாலும் என்ன இருக்கும்? ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, வண்டி அமுங்குனப்ப தீயே வெக்கலையே. அப்ப மணிவண்ணன் உள்ள உசுரோடதானே தூங்கிட்டு இருந்திருப்பாரு? பின்னால உக்காந்து வந்தது யாரு?"

நானும் இதைத்தான் தர்மனிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த லீவுக்கு அப்புறம் அவன் லீவு கேட்டதில்லை. வேலை நாளில் கொட்டகையில் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வருமாம். லீவு என்று எங்கே படுத்தாலும்...

மாடிப்படியில் காலடி கேட்டது. செருப்பில்லாத கால், ஒவ்வொரு படியாக. தர்மன்தான். கண் இரண்டும் செக்கச் செவேல் என்றிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க பெரியம்மா."

செம்பை நீட்டினேன். கடகடவென்று குடித்தான்.

"தூங்கலயா தம்பி? விடிஞ்சா புள்ளய மடியில வெக்கணுமே."

"பாயில எடமில்ல பெரியம்மா," என்று வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஜெயசித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில், கொர்ரென்று ஏறி... இறங்கும்போது அந்த விசில்.