இரண்டாவது டிஸ்க்

எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது, இன்ஸ்பெக்டர் சேர். பலாங்கொடையில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடையில் ரேடியோகூட வைப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் மண்சரிவு சைரனுக்கான சர்வரைப் பொருத்தியவன் நான்தான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, சரிவில், மண் நகர்வதை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. மண் அசைந்தால் சர்வர் சைரனை ஊத வைக்கும். அதில் இரண்டு டிஸ்க் போட்டேன். இரண்டிலும் ஒரே விஷயம்தான் பதியும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். தோட்ட மேனேஜர் பெரிய தொரைக்கு இதை விளக்கியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இது கத்தும்னு நம்பித்தான் றிஸ்மி நானா, புள்ளைங்கள லயத்துல விட்டுட்டு மலைக்குப் போறோம்" என்றாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு."

பிறகு என் மகள் ஸுமைராவுக்குக் கல்யாணம் வந்தது. வீடியோவைப் பத்திரப்படுத்த நல்ல டிஸ்க் தேவைப்பட்டது. புதிதாக வாங்கியிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஒன்றே போதுமென்றால் மற்றது எதற்கு? போய்க் கழற்றினேன். மெஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

"ஏன் றிஸ்மி நானா கத்துது?" என்று ஆபீஸில் வேலை செய்யும் ஜீவராணி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அந்தச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு வந்தேன்.

மழைக்காலத்தில் மிச்சமிருந்த டிஸ்க்கும் செத்தது. கத்திச் சொல்ல வழியில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலில் மண் சரிந்தபோது சைரன் ஊதவில்லை. வெள்ளையம்மாவின் மூத்தவன் கடைக்குப் போயிருந்தான். சின்னவன் லயத்தில் இருந்தான்.

செத்த வீட்டுக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷினுக்கு என்னாச்சு நானா?" என்றாள். கரண்டுக் கோளாறு என்றேன். ஒரு பிள்ளையாவது மிஞ்சியதே என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன். அப்படித் தேற்றிக்கொண்டதை நினைத்தால் இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையைக் கொன்றது மழையல்ல, சேர். நான்தான். இதோ, அந்த டிஸ்க்கை உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். அதில் இப்போது ஒன்றுமில்லை. கல்யாண வீடியோவை நேற்றே வேறொன்றில் பிரதி எடுத்துவிட்டேன். அதுவும் பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, இன்னொரு பிரதியும் எடுத்து வைத்திருக்கிறேன்.