ஒரு சாண் தள்ளி

கை கழுவ எனக்கு வாசனை சோப்பு வேண்டாம் சார். மண்ணெண்ணெயில் ஒரு தேய்ப்பு, பிறகு மரத்தூளில் ஒரு தேய்ப்பு, கிரீஸ் போய்விடும். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எனக்கு அப்படித்தான் பழக்கம். உங்கள் ஏட்டம்மா பிச்சையம்மாள் நல்ல மனுஷி, தன் சோப்பையே எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்றதில் முகம் வாடிவிட்டது. கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

என் தம்பி தவசிமுத்து எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் எஞ்சினை அவிழ்க்க ஒரு வரிசை உண்டு. நேரே உள்ளே கையை விட்டால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் எரிச்சல் வரும். மேல்மூடியிலிருந்து வருவோம்.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு அப்பா தன் பேரையே வைத்திருந்தார், ஞானமுத்து எஞ்சின் ஒர்க்ஸ். பம்புசெட்டு, ஜீப்பு, லாரி எல்லாம் வரும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாதான் வாத்தியார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்கச் சொல்வார். பெட்ரோல் கூடினால் சத்தம் தொண்டை கட்டினவர் பேசுவது போலக் கனத்து வரும். குறைந்தால் வறண்டு போகும். ரொம்பக் குறைந்துவிட்டால் தகரத்தில் மணலை அள்ளி வீசுவது போலக் கேட்கும். அப்போது உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த வித்தை தவசியைவிட எனக்கு முன்னால் பிடிபட்டது. அப்பாவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பட்டறையில் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எஞ்சினை யார் ட்யூன் பண்ணினாரோ அவரே முதல் ஓட்டத்தில் கூடப் போய் உட்கார வேண்டும். வண்டி நடுவழியில் நின்றால் அவரும் சேர்ந்து வெயிலில் நிற்க வேண்டும். உருண்டால் சேர்ந்து உருள வேண்டும். வ. புதுப்பட்டிக்குப் போன வாழைத்தார் லாரியில் நான் தாவணியோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஊர் சிரித்தது. "சிரிக்கவன் வண்டிய வேற எங்கயாச்சும் கொண்டு போவட்டும்" என்றார் அப்பா. ஒருவரும் கொண்டு போகவில்லை.

பிறகு தவசி ஏர்ஃபோர்ஸில் எஞ்சின் ஃபிட்டராகப் போய்விட்டான். போன ஊரில் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து சின்ன விமானம் ஓட்டவும் பழகிக்கொண்டான். இங்கே அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. பட்டறையையும் நான் பார்த்தேன், அப்பாவையும் நான் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் நகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கொன்றும் நஷ்டமில்லை. அப்பா இறந்ததும் தவசி வேலையை விட்டுவிட்டு வந்தான். நாற்பதாம் நாள் ஜெபம் முடிவதற்குள் பட்டறை வாசலில் புதுப் போர்டு ஏறிவிட்டது. தவசி இன்ஜினியரிங் ஒர்க்ஸ்.

என் பேர் ஏன் இல்லை என்று கேட்டேன். "யக்கா, பொம்பள பேரு போட்டா மில்லுக்காரங்க வேல குடுப்பாங்களா? ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்?" என்றான்.

குறை வைக்கவில்லைதான். கிறிஸ்துமஸுக்குப் பெண்டாட்டிக்கு எந்தக் கடையில் சேலை எடுத்தானோ அதே கடையில் எனக்கும் எடுத்தான். அவள் ஜெயபாய், மதினி மதினி என்று என் பின்னாலேயே சுற்றுகிறவள். அவன் கெட்டவன் என்று நீங்கள் எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

விமானம் காளிராஜ் முதலாளி வாங்கியது. நூல் மில் வைத்திருக்கிறவர், உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. துணி இறக்கை, இரண்டு பேர் உட்காரலாம். கூட வந்த எஞ்சின் கடல் உப்பில் கெட்டுப் போயிருந்தது. தவசி தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடையில் ஜப்பான் கார் ஒன்றின் எஞ்சினைத் தேடிப் பிடித்து வந்தான். ரோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாது சார், மேலும் கீழும் எதுவும் போய் வராது. உள்ளே முக்கோணமாக ஒரு இரும்பு சுற்றும். அதன் மூன்று முனையிலும் மெல்லிய பட்டை இருக்கும், சீல் என்போம். எஞ்சினின் உயிர் அந்த சீலில்தான் இருக்கிறது. வெளியே வரும் புகையின் சூடு மற்ற எஞ்சின்களைவிட அதிகம், குழாய் பகலிலேயே சிவப்பது தெரியும். பெட்ரோலைக் குறைத்து ஒரு அளவுக்குக் கொண்டுவந்தால் சுகமாக ஓடும். அதைத் தாண்டிக் குறைத்தால் சூடேறி சீல் உடைந்துவிடும்.

அந்த அளவைக் கண்டுபிடித்தவள் நான். சேத்தூர் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயைத்தான் ஓடுதளமாக வைத்திருந்தோம். கரைப் பனைமரத்தில் வடம் போட்டு விமானத்தைக் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பேன். கார்புரேட்டரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாகப் பங்குனி முழுக்கப் போனது. தவசியும் கேட்டுப் பார்ப்பான், கடைசியில் என் முகத்தைப் பார்ப்பான்.

ஆனால் ஆகாயத்தில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகச் சைலன்சர் குழாயில், எஞ்சினை ஒட்டி, சூடு அளக்கிற கம்பியைச் சொருகி மீட்டரோடு இணைத்தோம். முதலில் தவசி அவசரப்பட்டு ஒரு சாண் தள்ளித் துளை போட்டுவிட்டான். அவ்வளவு தூரம் வருவதற்குள் புகை ஆறிவிடும், மீட்டர் குறைத்துக் காட்டும், அதை போல்ட் போட்டு அடை என்றேன். அடைத்தான். எஞ்சின் சத்தம் சரியாக இருந்தபோது மீட்டரில் முள் எங்கே நின்றதோ, அங்கே கண்ணாடி மேல் ஜெயபாயின் சிவப்பு நகப்பூச்சில் நான் ஒரு கோடு போட்டேன். மேலே காற்று மெலிந்திருக்கும், அதனால் ஏறியதும் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முள் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். தவசி ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

பத்திரிகைக்காரர் வந்தார். தவசியும் முதலாளியும் விமானத்துக்கு முன்னால் நின்றார்கள். "யக்கா, அந்த ஆயில் டின்ன எடுத்துட்டு செத்த தள்ளிக்கோ" என்றான் தவசி. டின்னை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனேன். கனமான டின்.

அதுவரை அவன் தனியாகக் கண்மாய்க்கு மேலேதான் வட்டமடித்துக்கொண்டிருந்தான். வைகாசியில், சேத்தூரிலிருந்து கிளம்பி இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்து, ஆண்டாள் கோவில் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. முதல் ஓட்டம் என்றால் இதுதான் முதல் ஓட்டம். இரண்டாவது சீட் எனக்கு. அப்பாவின் வழக்கம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவசி சொன்னான்: "யக்கா, ஜெயபாய் ஏறட்டும். அவ வெயிட்டு கம்மி. புருசன் பொஞ்சாதியா போனா பேப்பர்ல நல்லாருக்கும்னு மொதலாளி சொல்லுதாரு."

"ட்யூன் பண்ணுனது யாருலே?"

"அதெல்லாம் அப்பா காலத்துக் கதக்கா."

இதை நீங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். என்னை அந்த சீட்டில் உட்கார வைத்திருந்தால் நான் அந்தக் கம்பியைத் தொட்டிருக்க மாட்டேன். தொட்டால் நானும்தானே விழுவேன். அப்பா அந்த வழக்கத்தை எதற்காக வைத்தார் என்று தவசி யோசித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சூடு தாங்குவதற்காகக் குழாயில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை அவிழ்த்தேன். எஞ்சினை ஒட்டியிருந்த கம்பியைக் கழற்றி, ஒரு சாண் தள்ளியிருந்த துளையில் மாட்டினேன். அங்கே இருந்த போல்ட்டை இங்கே மாட்டினேன். கயிற்றைப் பழையபடி சுற்றிவிட்டேன். எஞ்சினைத் தொடவில்லை. கார்புரேட்டரைத் தொடவில்லை. நான் போட்ட கோட்டையும் தொடவில்லை. நல்ல எஞ்சினைக் கெடுக்கிற புத்தி எனக்கு இல்லை சார். முள் மட்டும் இனிமேல் சூட்டைக் குறைத்துக் காட்டும். கோட்டைத் தொட வைக்க வேண்டுமென்றால் பெட்ரோலை வழக்கத்தைவிட அதிகமாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

அதற்காக அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. சேத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் அம்புட்டும் வயல். எஞ்சின் நின்றுபோனாலும் மெல்ல இறக்கிவிடலாம், தவசி கெட்டிக்காரன். வயலில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்து, அக்கா, நீ இல்லாமல் இது ஓடாது என்று பத்துப் பேர் நடுவில் சொல்லியிருப்பான். நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

அவன் வயலை விட்டு மலைப் பக்கம் போனதற்கு நான் என்ன செய்வேன்? ஜெயபாய் கேட்டாள் என்று போனான். சரி, அவளிடம் சொன்னது நான்தான், அதையும் மறைக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, பயமாக இருக்கிறது மதினி என்றாள். "ஏட்டி, போற வழியில அய்யனார் கோவில் அருவிய மேலருந்து பாத்துட்டுப் போங்க. எம்புட்டு அழகா இருக்கும் தெரியுமா?" என்றேன். பயம் தெளியட்டும் என்று சொன்னதுதான். அந்தக் கோடையில் அருவியில் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கண்மாய்க்கு வந்தோம். தரையிலிருந்து ஏதாவது தப்பாகப் பட்டால் சிவப்புத் துணியை வீச வேண்டும், அதைப் பார்த்ததும் தவசி இறக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. துணியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்குத்தான் காது நன்றாகக் கேட்கும் என்று தவசியே கொடுக்கச் சொன்னான். ஏறி ஒரு வட்டம் அடித்துவிட்டு எங்கள் தலைக்கு மேலே திரும்பி வந்தபோதே சத்தம் வறண்டுவிட்டது. முதலாளிக்கே கேட்டது.

"என்ன பரிபூரணம், சத்தம் ஒரு மாதிரி வருதே?" என்றார்.

"காத்து அப்படி அடிக்கு மொதலாளி" என்றேன். துணியை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

விமானம் மேற்கே போய்ச் சின்னதாகிவிட்டது. செத்த நேரத்தில் சத்தம் நின்றது. முதலாளி காற்று திசை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும், எஞ்சின் நிற்பதற்கும் சத்தம் தூரமாகப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. யாரோ கொடுத்த மோரைக் குடித்தேன்.

தவசி பாறையில் மோதிச் செத்துப்போனான். ஜெயபாயை மரக்கிளை தாங்கியிருக்கிறது, கால் முறிந்தாலும் உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதை நேற்று நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அருவிக்கு மேலே போகும்போது தவசிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. தகரத்தில் மணல் விழுகிற மாதிரி இருக்கிறதே என்றானாம். இறங்கிவிடலாம் என்று இவள் அழுதாளாம். "பயப்படாதட்டி. அக்கா கோடு போட்டுருக்கா. முள்ளு இன்னும் கோட்டுக்கு வரல. என் காது தப்பும், அக்கா கோடு தப்பாது" என்று சொல்லிவிட்டுப் பெட்ரோலை இன்னும் கொஞ்சம் குறைத்தானாம்.

வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். அழுவேன் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போதும் அது ஆறவில்லை. மனதில் அப்படி ஒரு நினைப்பு இருந்தால் அதைக் கண்மாய்க் கரையில் பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கலாமே. ஆளில்லாத மலைக்கு மேலே அவளிடம் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? மணல் சத்தம் கேட்டால் நிறுத்து என்று அப்பா எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொல்லிக் கொடுத்தார். அவன் கேட்கவில்லை. நீங்கள் தூக்கில் போட்டாலும் அங்கே வந்தும் இதையே சொல்வேன்.

பால்ச்சாமி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த ஊர்த் தேரடியில் போர்டு எழுதுகிற பால்ச்சாமி உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். பரிபூரணம் இன்ஜினியரிங் ஒர்க்ஸ், மஞ்சளில் கறுப்பு எழுத்து, நான் கொடுத்த ஆர்டர்தான். "தம்பி ஒத்துக்கிட்டாராக்கா?" என்று கேட்டான். "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றேன். சித்திரை மாதமே கொடுத்துவிட்டேன் என்பதையும் மறுக்கவில்லை. சீட் இல்லை என்று தம்பி சொன்னது வைகாசியில்தானே, அதற்கு முந்தின மாதமே போர்டுக்குச் சொல்லி வைத்தது எப்படி என்று மடக்கப் பார்க்கிறீர்கள். இதில் மடக்க என்ன இருக்கிறது சார்? வைகாசி வந்துவிட்டால் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பால்ச்சாமிக்குக் கை ஒழியாது. இரண்டு கோட் அடித்துக் காயவும் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால், அவன் எழுதித் தருகிற வரைக்கும் பட்டறை போர்டு இல்லாமலா கிடக்கும்?