பதினேழாம் கட்டத்துக்கு நாலு விரல் வெளியே

மேப்பிள் நிழலில் முப்பத்தோராண்டு மண்டியிட்டு, மண்ணில் முளைத்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்த பெருந்தகையே! எங்கள் தாவரக் கணக்கெடுப்புக் குழுவின் தலைவியே! டெல்ஃபா ஹிக்ஸ் அம்மையீர், வணக்கம்!

நூற்றைம்பது வயது ஓக், ஹிக்கரி மரங்கள் நிற்கும் மூடுபனிக்குள், செடிகளை எண்ணத் தரையில் கயிறு கட்டிக் கட்டம் போடுவோம். நீங்கள் ஒரு செடியின் பெயரைச் சொல்வீர்கள்; எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்வார். மதியத்துக்குள் இரண்டு குரல்களும் தூக்கத்தில் பேசுபவர்களின் குரல்போல் ஆகிவிடும். பனி விலகும்போது, நீங்கள் பெயர் சொன்ன பிறகுதான் அந்தச் செடிகள் முளைத்தனவோ என்று தோன்றும்.

சென்ற மே மாதம் நாம் எண்ணியது, வெட்டுக்கு ஏலம் விடவிருந்த காடு. அரிய செடி ஒன்றாவது கட்டத்துக்குள் வேரூன்றி இருந்தால்தான் அது தப்பும். பதினேழாம் கட்டத்தின் ஓரத்தில் அப்படி ஒன்று நின்றது: ஐந்து இலைகளை வட்டமாக விரித்து, நடுவில் வெளிறிய பச்சைப் பூவைத் தாங்கிய சின்ன ஆர்க்கிட். சில ஆண்டுகள் மண்ணுக்கடியில் உறங்கிவிட்டு, நினைத்தபோது எழுவது. இலை கயிற்றுக்கு உள்ளே. வேர் நாலு விரல் வெளியே.

“கயித்தைக் கொஞ்சம் நகத்திடலாம், மிஸ் டெல்ஃபா. எந்த மரம் வந்து சாட்சி சொல்லப்போகுது?” என்றார், எழுதிக்கொண்டிருந்த கோய் ராட்லிஃப்.

“உன் தொப்பைகூடத்தான் கயித்துக்கு உள்ள இருக்கு, கோய். கால் எங்க நிக்குது பாரு. உன்னையும் கணக்குல சேத்துக்கவா?”

“காடு போயிருமே!”

“போகும். நீ எழுது. வேர் வெளிய, நாலு விரல்.”

நீங்கள் அந்தச் செடியைவிட்டு எழ வெகுநேரம் ஆனதை அவர் எழுதவில்லை.

மூன்று நாள் நாங்கள் உங்களோடு சரியாகப் பேசவில்லை, அம்மையீர். கோய் தன் சோள ரொட்டியைத் தனியே போய்த் தின்றார். பாராட்டு மடலில் இதைச் சொல்வது வழக்கமில்லை. மறைத்தால் உங்கள் முன் வாசிக்க முடியாது.

ஜூலையில் மர வியாபாரியின் ஆள் அளவு நாடாவோடு வந்து நாற்பது கட்டங்களையும் அளந்தார். ஒரு கயிறு நகர்ந்திருந்தாலும் மொத்தக் கணக்கும் குப்பைக்குப் போயிருக்கும். எதுவும் பிசகவில்லை. அதனால்தான் ‘வேர் வெளியே, நாலு விரல்’ என்ற உங்கள் ஓரக்குறிப்பையும் நம்பி அதிகாரிகள் நேரில் வந்து மண்டியிட்டுப் பார்த்தார்கள். பூ போய்விட்டிருந்தது, இலைகள் இருந்தன. வெட்டு மூன்று வசந்தங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் அச்செடி ஒருமுறையாவது மறுபடி எழுந்தால் காடு நிற்கும்.

எழலாம். உறங்கியே கிடக்கவும் செய்யலாம்.

ஓய்வு பெறும் உங்களுக்கு நோயற்ற நெடுவாழ்வு வேண்டுகிறோம். அதில் எங்கள் சுயநலமும் உண்டு. மூன்று மே மாதமும் எங்களோடு மலையேறி வாருங்கள். செடியைக் கண்டால் எழுத எங்களில் யாராலும் முடியும். காணாவிட்டால், சுற்றி நிற்கும் அத்தனை மரங்களுக்கும் நடுவில் அமர்ந்து ‘இல்லை’ என்று எழுதவேண்டும். அப்படி எழுதும் கை எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

என்றும் அன்புடன்,
கோய் ராட்லிஃபும் கணக்கெடுப்புக் குழுவினரும்
மேற்கு வர்ஜீனியா