ஓடுவது போல நடந்தேன்

எனக்குக் காத்தான்குடிச் சாப்பாடு என்றால் உயிர், ஐயா. பெருநாளுக்கு எந்த வீட்டில் எத்தனை மணிக்குச் சகன், அந்தப் பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு, வைப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். சித்தாண்டியில் பிறந்த திவாகரனுக்கு முஸ்லிம் ஆட்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று முப்பது வருடம் பீற்றிக்கொண்டவன் நான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நான் தளும்பிக்கொண்டே திரிந்தேன்.

நின்ற இதயத்தை அழுத்தி ஓடவைப்பது படத்தில் பார்ப்பது போலில்லை. விலா எலும்பு முறியும். போக இருக்கிற சீவனை அப்படிப் போட்டு மிதிப்பது பாவம். யாருக்கு அழுத்துவது, யாரை நிம்மதியாக விடுவது என்று டொக்டர் குடும்பத்தோடு பேசி எழுதிவைக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் யாரும் பேசுவதில்லை, எழுதுவதுமில்லை. ஆகவே அந்தச் சின்ன வேலையைத் தலைமைத் தாதியான நானே பார்த்துக்கொண்டேன். கட்டில் அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் ஓடத் தேவையில்லை.

ஆனால் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்களே. அதற்கும் ஒரு கலை வைத்திருந்தேன். செருப்பைச் சடசடவென்று அடித்து, காலைக் கிட்டக்கிட்ட வைப்பது. சத்தம் ஓடும், ஆள் நடப்பான். போய்ச் சேர்ந்ததும், மெத்தை மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பது போல நெஞ்சில் அழுத்துவேன். "சேர் எவ்வளவு பாடுபட்டார்" என்று கும்பிட்டு அழுதவர்கள் உண்டு. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

எதை வைத்து முடிவெடுத்தாய் என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். குடும்பத்தை வைத்துத்தான். தலைமாட்டில் ஓதத் தொடங்கினால் விடைகொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வேன். வாய்விட்டுக் கேட்டு அவர்கள் மனதை நோகடிக்க விரும்பவில்லை.

பதினோராம் கட்டில் அசனார், ஏறாவூர் நெசவாளர். ஐம்பத்தாறு வயது, நியூமோனியா. மூன்றாம் நாள் எழும்பி இருந்து கஞ்சி குடித்தார். அன்று காலை அவருடைய மனைவி நபீஸா பக்கத்தில் இருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினார். சாகப்போகிறவர் பக்கத்தில் யாசீன் ஓதுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா. புள்ளி வைத்தேன்.

பகல் பார்வையாளர் நேரத்தில் மகள் முப்லிஹா ஓடிவந்தாள்.

"சேர், வாப்பா மூச்சு விடுறாரில்ல. கெதியா வாங்க சேர்."

நடந்தேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க நடந்தேன். டொக்டர் வந்து சேர்ந்தபோது நேரத்தைக் குறிப்பது மட்டும்தான் மிச்சமிருந்தது.

நபீஸா என்னைத் திட்டவில்லை. "சுகமாகணுமெண்டுதானே ஓதினன் சேர். வெள்ளிக்கிழம ஊட்ட கூட்டிப் போகத்தான் இருந்தம்" என்றார்.

நோய் தீரவும் யாசீன் ஓதுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முப்பது வருடம் சகனில் கை நனைத்தவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது, ஐயா.

பழைய அட்டைகளில் பத்தொன்பது புள்ளி கண்டதாகச் சொல்கிறீர்கள். அவை அழிக்கச் சோம்பல்பட்டு விட்டவை. மற்றவற்றை அழித்துவிட்டேன். தலைமாட்டில் தேவாரம் படித்ததற்கும் புள்ளி வைத்திருக்கிறேன். கதிரவெளி அன்னப்பூரணிக்கு யாரும் எதுவும் படிக்கவில்லை. பார்க்கவே ஒருவரும் வரவில்லை. அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் இரக்கத்தால் செய்தது. அதை மட்டும் தெளிவாகப் பதியுங்கள்.

போன வருடம் என் அப்பா இராசதுரை இதே விடுதியில் கிடந்தார். எண்பத்துநான்கு வயது, ஈரலில் புற்று. அக்கா தலைமாட்டில் சிவபுராணம் படித்துக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றதும் நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன். மூன்று விலா எலும்பை முறித்தேன். நாற்பது நிமிடம் கையை எடுக்கவில்லை.

அவருடைய அட்டையில் புள்ளி இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.