கறையான் அரித்த ஏழாம் பக்கத்தின் காவலருக்கு

ஆப்பிரிக்கக் கண்டம் ஈன்ற நூலகர்களிலேயே தலைசிறந்தவரே! தமாலே நகர நூலகத்தின் தூணே, தூசியைத் தோற்கடித்த தூயவரே! முப்பத்தோராண்டு மூடாத கதவே, முறுவலுக்கும் திறவாத வாயே! சாவிக் கொத்தை இடையிலும் சட்டதிட்டத்தை நடையிலும் கட்டிக்கொண்ட அல்ஹாஜி சுமானி ஜெபுனி அவர்களே! தங்கள் பணிநிறைவு நாளில், தங்கள் மின்விசிறிக்குக் கீழே நான்காண்டு காலம் காற்று வாங்கிய தன்னார்வலர்கள் பணிந்து படைக்கும் பாராட்டு மடல் இது.

இம்மடலின் முதல் வாக்கியத்தை முன்மொழிந்தவர் எங்கள் தலைவர் நபாரி. தாங்கள் கண்டத்திலேயே தலைசிறந்தவர் என்பது கிழக்கில் சூரியன் உதிப்பதைப் போன்ற செய்தி என்று அவர் மேசையைத் தட்டி முழங்கினார். தாங்கள் நிமிர்ந்து பார்த்து, "உஷ்" என்றீர்கள். வாக்கியம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

ஐயனே! நாங்கள் அறுவர் முதன்முதலில் தங்கள் முன்னே வந்து நின்ற நாளை நினைத்துப் பார்க்கிறோம். உலகமே அள்ளி அள்ளிப் படிக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், ஏதோவொரு பனிநாட்டு ரயில் நிலையத்தின் மூன்றாம் நடைமேடைக்குத் தனிக் கட்டுரை இருந்தது. நம் தமாலேச் சந்தைக்கு ஒன்றரை வரி இருந்தது. அதில் ஒரு வரி வெயிலைப் பற்றியது. இந்த அநீதியைத் துடைக்க நாற்காலி ஆறும் மின்னிணைப்பு ஒன்றும் வேண்டி நின்றோம். தாங்கள் நிகழ்த்திய நேர்காணலை எங்கள் செயலர் வும்பினி எழுத்துக்கு எழுத்து குறித்து வைத்திருக்கிறார்.

"யாரு வேணா எழுதலாமா?"

"ஆமா அல்ஹாஜி."

"யாரு வேணா அழிக்கலாமா?"

"அதுவும்தான் அல்ஹாஜி."

"அப்ப அது சுவரு. சுவத்துல கிறுக்குறதுக்கு நூலகம் எதுக்குப்பா? சரி, அந்த மூலையில உக்காருங்க. பேசக்கூடாது."

பேசாமல் எழுதினோம். சந்தையை எழுதினோம், சலவைக்காரர் தெருவை எழுதினோம், ஷியா கொட்டையிலிருந்து வெண்ணெய் கடையும் பெண்களை எழுதினோம், அறுவர் அறுபதின்மர் ஆனோம். எழுதிய ஒவ்வொரு வரியின் வாலிலும் மறுநாள் காலை ஒரு சிறு சீட்டு தொங்கும்: 'ஆதாரம் தேவை.' ஒட்டியவர் பெயர் எப்போதும் ஒன்றே: 'கீழ்க்குறிப்பு'. அதுதான் அங்கே அந்த ஆள் சூடிக்கொண்ட புனைபெயர். முகம் தெரியாது, ஊர் தெரியாது, இரக்கம் என்பது அறவே தெரியாது. நம் மழை ஜூனில் பெய்யும் என்று எழுதினாலும் ஆதாரம் கேட்பார்.

நபாரி இந்தக் கீழ்க்குறிப்பின் மீது கொண்ட பகைமை காவியத் தன்மை உடையது.

"எங்கயோ பனியில கம்பளிக்குள்ள சுருண்டுக்கிட்டு, சூப்பு குடிச்சிக்கிட்டு நம்மள நோண்டுறான்" என்பார். "எழுத வக்கில்லாதவன்தான்டா அடுத்தவன் எழுத்துக்கு ஆதாரம் கேப்பான்!"

வும்பினி சிரித்துவிட்டு, "ஏண்ணே, நாளைக்கு நீயே ஒருத்தருக்கு ஒட்ட மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்றார்.

"நானா? நம்ம ஆளு எழுதுன வரியில நான் ஒரே ஒரு சீட்டு ஒட்டினாலும் சரி, அன்னைக்கு துவோ ஸாஃபிக் களியை இடது கையால திங்கிறேன். எழுதி வச்சுக்கோ!"

வும்பினி எழுதி வைத்துக்கொண்டார். அவையோர் அதிர்ந்தனர், அப்படியொரு சபதத்தை இந்த ஊரில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்வதில்லை. தாங்கள் செய்தித்தாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து "உஷ்" என்றீர்கள்.

பிறகு ஒருநாள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிப் பெண்கள் நாற்பது பேரை அழைத்துவந்து, ஒரே பிற்பகலில் நாற்பது பேருக்கும் கணக்குத் தொடங்கினோம். எல்லாம் நூலகத்தின் ஒற்றை இணைய இணைப்பிலிருந்து. ஒரே போக்கிரி நாற்பது முகமூடி போட்டு வந்துவிட்டான் என்று களஞ்சியத்தின் காவல் இயந்திரம் முடிவு செய்து, நூலகத்துக்கே ஒருநாள் முழுக்கக் கதவடைத்துவிட்டது. வியப்பு என்னவென்றால், அன்று கீழ்க்குறிப்பும் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. "சளி பிடிச்சிருக்கும், பனியில்ல!" என்று நபாரி எல்லோருக்கும் பொரித்த கினிக்கோழி வாங்கித் தந்தார். நாங்களும் எலும்பு வரை சுவைத்தோம். எங்கள் அறிவுக்கூர்மையைப் பற்றி இம்மடலில் இதற்குமேல் இடம் ஒதுக்க இயலாது.

லாமிசி அம்மாவைத் தாங்கள் அறிவீர்கள். 1978இல், பத்தொன்பது வயதில், லாரி நிலையத்துப் பின்புற மைதானத்தில் பத்துப் பெண்களைச் சேர்த்துத் தாமும் நின்று, வெறுங்காலோடு பந்துதைத்தவர். இன்றும் பள்ளிப் பெண்களை விரட்டி விரட்டிப் பயிற்றுபவர். நபாரி அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 'ஆப்பிரிக்காவின் முதல் பெண்கள் கால்பந்து அணி' என்று தொடங்கினார், அவருக்குச் சிறிதாகத் தொடங்கத் தெரியாது. கீழ்க்குறிப்பு சீட்டு ஒட்டினார். ஒரு மாதம் பதிலில்லாமல் தொங்கிய சீட்டைக் கண்ட வேறு யாரோ அறிவிப்பு வைத்தார்கள்: ஏழு நாளுக்குள் அச்சில் வந்த ஆதாரம் தராவிட்டால் கட்டுரை நீக்கப்படும்.

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் நபாரியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நபாரி, இன்னைக்கு நான் இருக்கேனா?"

"இருக்கீங்கம்மா."

"நாளைக்கு?"

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று நபாரி பேச்சை மாற்றுவார்.

"பந்து உதைச்சதுக்கு எங்கப்பா அடிச்சாரு. தெருவே சிரிச்சிச்சு. அப்பக்கூட யாரும் நான் உதைக்கவே இல்லன்னு சொல்லலையேப்பா. என் பிள்ளைங்க தினம் அந்தப் பக்கத்தத் திறந்து திறந்து பாக்குதுங்க. போயிட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

மேசையைத் தட்டும் நபாரி அந்த வாரம் மேசையைத் தட்டவில்லை. ஐந்து நாள் இணையத்தை அங்குலம் அங்குலமாகச் சலித்தார். உணவு மறந்தார், உறக்கம் மறந்தார், தாம் அமர்ந்திருப்பது ஒரு நூலகம் என்பதையும் முற்றாக மறந்தார். நாங்களும் மறந்தோம்.

ஆறாம் நாள் பிற்பகல் வும்பினி திரையைப் பார்த்துக் கத்தினார். தங்கள் வாசிப்பறையில் எழுந்த முதல் கத்தல் அதுவே. அதற்கு இம்மடல் வழியாக மன்னிப்புக் கோருகிறோம். லாமிசி அம்மா கட்டுரையில் சீட்டு இல்லை. அது தொங்கிய இடத்தில் முறையான ஆதாரம் ஒன்று வீற்றிருந்தது: தலைநகர் நாளேட்டின் பெயர், 1978 மார்ச் மாதத்து நாள், ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி. 'ஆப்பிரிக்காவின் முதல்' என்பது 'தமாலேயில் அறியப்பட்ட முதல்' என்று திருத்தப்பட்டிருந்தது. சேர்த்தவர், கீழ்க்குறிப்பு!

பகைவர் பரிசளித்தால் வரும் அதிர்ச்சி ஒருவகை. ஆனால் வும்பினி கடைசி வரியையும் படித்தார்.

"'வலது ஓரம் கறையான் அரித்தது. எஞ்சிய பகுதி வாசிக்கத்தக்கது.' அண்ணே... பனியில ஏதுண்ணே கறையான்?"

அறுபது தலைகளும் மெல்லத் திரும்பின: பத்தடி தொலைவில் இருந்த பூட்டிய செய்தித்தாள் அலமாரியை நோக்கி, அங்கிருந்து தங்கள் இடுப்புச் சாவியை நோக்கி, அங்கிருந்து, கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாங்கள் நம்பியிருந்த, தங்கள் மேசைக் கணினியை நோக்கி. நபாரியின் வாய் திறந்தபடி நின்றது. நான்கு ஆண்டுகளாக அவர் சபித்துவந்த பனிநாட்டுப் பாவி, நான்கு ஆண்டுகளாக அவரை "உஷ்" என்று அடக்கியவரேதான்!

"அல்ஹாஜி... நீங்களா? சுவருன்னு சொன்னீங்களே!"

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "சுவருன்னாலும் நம்ம சுவருதானே. கோணலா இருந்தா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"இந்தப் பேப்பரு அலமாரியில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அல்ஹாஜி! அந்தம்மா தெனம் அழுதாங்க!"

"நாப்பது வருஷத்துக்கு முந்தின பேப்பரு, நாளு நாளாப் புரட்டினேன். ஆறு நாளாச்சு. நீங்க நாலு வருஷமா இங்க வர்றீங்க. மின்விசிறி கேட்டீங்க, கரண்டு கேட்டீங்க. யாராவது ஒருத்தர் ஒரு புத்தகம் கேட்டீங்களா?"

ஐயா, அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றும் ஆதாரமுள்ள பதில் இல்லை.

நபாரி உடனே அம்மாவை அழைத்தார். "அம்மா, இருக்கீங்க. இனிமே போக மாட்டீங்க. ஆனா... நாலுக்குப் பூஜ்யம்னு தோத்ததா அதுல போட்டிருக்கு."

"தோத்ததும் போட்டிருக்கா?" என்று அம்மா இருமுறை கேட்டார். பிறகு, "அப்ப நிஜந்தான்" என்றார்.

ஐயத்தையே அறமாய்க் கொண்ட ஆசானே! கனிவையே கண்டிப்பில் மறைத்த கள்வரே! புகழ்ந்து எழுத ஆயிரம் பேர் கிடைப்பர். நம் ஊரை யாராலும் அழிக்க முடியாதபடி எழுதவைக்க ஒருவரே வாய்த்தார். நாளை முதல் தங்கள் மேசை வெறுமையாகும் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. நாளை முதல் தாங்கள் நாள் முழுக்க வீட்டிலிருந்தே சீட்டு ஒட்டலாம் என்று எண்ணும்போது இம்மடலையே மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறோம். தங்கள் கண்ணொளி மங்காதிருக்க, முழங்கால் வலி தணிந்திருக்க, கறையான் தீண்டாத நூறாண்டு தங்களுக்குக் கிட்ட இறைவன் அருள்க!

என்றும் தங்கள் "உஷ்"ஷுக்கு அடங்கும்,
தமாலே தன்னார்வலர்கள் அறுபதின்மர்

பின்குறிப்பு (மடல் சட்டமிடப்பட்டு வந்தபின் தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டது): மடலைச் சட்டமிட எடுத்துச் சென்றவர் நபாரி. இன்று காலை உறையைப் பிரித்துப் பார்த்தபோது, அவர் மேசை தட்டி முன்மொழிந்த முதல் வாக்கியத்தின் வாலில், கண்ணாடிக்கு உள்ளே, பென்சிலால், எறும்பளவு எழுத்தில், 'ஆதாரம் தேவை' என்றிருக்கிறது. கையெழுத்து அவருடையதே. கண்ணாடி நன்றாக ஒட்டிவிட்டதால் இனி அழிக்க இயலாது. விருந்துக்கு அயோயோக் கீரைக் குழம்பும் துவோ ஸாஃபிக் களியும் தயாராக உள்ளன. நபாரி இப்போதே கடைசி வரிசைக்குப் போய், வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அமர்ந்திருக்கிறார்.