உள்ளே இருப்பவனுக்கு எட்டாத மணி

போதும், அவையோரே, போதும்! எட்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

தீர்மானங்களை வாசிக்கும் முன்பே நிறைவேற்றிவிடும் ஆற்றல் வாய்ந்த தலைவர் அவர்களே! தலைவர் இருமினாலும் குறிப்பெடுக்கும் செயலாளர் அவர்களே! அறிவில் மூத்த, வருகைப்பதிவில் இளைத்த பெரியோர்களே! யாரோ பெற்ற பிள்ளைக்காக இரண்டு மணி நேரம் இரும்பு நாற்காலியில் அமரத் துணிந்த தாய்மார்களே! கடைசி வரிசையில், தேநீர் வரும் திசை பார்த்து அமர்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்த வணக்கத்தை நான் மேடையில் நின்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு முதலில் இருபது நிமிடம் என்றார்கள். பிறகு பத்து என்றார்கள். பிறகு மூன்று. நேற்று வந்த நிகழ்ச்சி நிரலில், என் மூன்று நிமிடம் இருந்த இடத்தில் ‘தேநீர் இடைவேளை’ உட்கார்ந்திருக்கிறது. தேநீரோடு போட்டியிட்டு வென்ற பேச்சாளன் எங்கேனும் உண்டா? ஆகவே எழுதுகிறேன். மேடை இல்லாவிட்டால் என்ன, உங்களை எனக்குத் தெரியாதா? எந்த வரியில் யார் கொட்டாவி விடுவீர்கள் என்பது வரை தெரியும்.

நாம் யார்? சிறார் இல்லங்களை ஆய்வு செய்யும் குழு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை வழக்கு முடியும்வரை பூட்டி வைத்திருக்கும் இடத்துக்குப் போய், அவர்களுக்கு உரிய உணவும் உறக்கமும் மருந்தும் மரியாதையும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது நம் பணி. பார்க்கிறோமா? பார்க்கிறோம். எப்படிப் பார்க்கிறோம்? மூன்று வாரம் முன்பே கடிதம் போட்டுவிட்டுப் பார்க்கிறோம். புயல்கூட இத்தனை முன்னறிவிப்போடு கரைக்கு வருவதில்லை!

அதனால் நாம் போகும்போதெல்லாம் சுவரில் அடித்த வெள்ளை ஈரமாக இருக்கும். நம்மில் யார் உண்மையாகச் சுற்றிப் பார்த்தார் என்பதைச் சட்டை முழங்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தலைவரின் முழங்கை எட்டு ஆண்டுகளாகக் கறை படியாதது. அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தேர்வுகளில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவர். கேள்வியைப் படிக்கும் பழக்கம் அவருக்கு அன்றும் இல்லை.

சொந்தப் பகை வேண்டாம் என்கிறீர்களா, நம் குழுவின் மருத்துவரே? வேண்டாம். அது தானாக வந்துவிடுகிறது. விடுங்கள்.

சென்ற ஆய்வுக்கு வருகிறேன். நம் படிவத்தில் நாற்பத்திரண்டு பக்கம். அதில் ஒரு கேள்வி: ‘ஒவ்வொரு அறைக்கும் அழைப்பு மணி உள்ளதா?’ உள்ளது! கதவுக்குக் கதவு உள்ளது! வெள்ளைப் பொத்தான், சிவப்பு வளையம், பார்க்கப் பார்க்க அழகு. ஆனால், அன்புடையீர், அந்தப் பொத்தான் கதவுக்கு வெளியே இருக்கிறது!

மின்பணியாளரைத் திட்டாதீர்கள். அவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். “ரூமுக்கு உள்ள வயர் போகக்கூடாதுன்னு ஒரு ரூல் சார். ரூமுக்கு பெல் வேணும்னு இன்னொரு ரூல். நான் ரெண்டையும் மீறல” என்றார். அந்தக் கட்டடத்தில் எல்லா விதிகளையும் மதித்த ஒரே மனிதர் அவர்தான். விளைவு என்ன? காவலர் கதவுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினால், காவலரின் மேசையில் மணி அடிக்கும். காவலர் ஓடிவந்து, அங்கே நிற்கும் தம்மையே என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்!

நான் தலைவரிடம் காட்டினேன். அவர் ‘உண்டு’ என்று குறியிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்த ஒருவனின் அறை காலியாக இருந்தது. காவலரிடம், “என்னை இதுக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. அஞ்சு நிமிஷம். கூப்பிட முடியுதான்னு பாக்கறேன்” என்றேன்.

“வேணாம் சார். ரிஜிஸ்டர்ல உங்க பேரு இல்ல.”

“பூட்டுய்யா!”

பூட்டினார். அதே நொடியில் கண்காணிப்பாளர் தேநீர் தயார் என்று குரல் கொடுத்தார். நாற்காலி தூக்கிப் போடக் காவலரையும் கூப்பிட்டார். எல்லோரும் போனீர்கள். என் கைப்பேசியோ வாசலில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம், அவையோரே! உங்களில் ஒருவருக்காவது ஓர் ஆள் குறைகிறானே என்று தோன்றியதா? ‘இன்னிக்கு என்னமோ அமைதியா இருக்கு’ என்று ஒருவர் மகிழ்ந்தாராம். யாரென்று எனக்குத் தெரியும்.

கதவைத் தட்டினேன். கத்தினேன். மேலே இருந்த காற்றுத்துளை வழியாகப் பக்கத்து அறையிலிருந்து ஓர் இளங்குரல் வந்தது.

“யாரு, புதுசா?”

“தம்பி, நான் ஆய்வுக் குழு உறுப்பினர்.”

“மொத நாள் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க. என்ன கேஸ்?”

“கேஸ் எதுவும் இல்லப்பா.”

“எனக்கும் இல்லன்னுதான் எங்கம்மா சொல்லுது. குரலு ஏன் கரகரன்னு இருக்கு? எத்தனை வயசு?”

“ஐம்பத்திரண்டு.”

மிகுந்த இரக்கத்தோடு அவன் சொன்னான்: “வயசு சர்டிபிகேட்ல தப்பு பண்ணிட்டாங்களா? மனு போடலாம்ணே. கவலப்படாதீங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். அதற்குள் அவன் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டான்.

“கதவத் தட்டாதீங்கண்ணே. தட்டுனா ஒழுங்கீனம்னு எழுதுவாங்க. கத்துனா ரெண்டு தடவ எழுதுவாங்க.”

“அப்ப எப்படித்தான் கூப்பிடறது?”

“மூலைல குழாய் இருக்கா? தொறந்து விடுங்க. கீழ ஓட்டை இருக்கும், அத அடைச்சுருங்க. தண்ணி கதவுக்கு அடியில வெளிய போகும். உடனே வந்துருவாங்க.”

“நமக்காகவா?”

“தண்ணிக்காகண்ணே.”

அடைக்க என்னிடம் என்ன இருந்தது? நம் படிவம் இருந்தது. நாற்பத்திரண்டு பக்கம்! உணவு, உறக்கம், கல்வி, காற்றோட்டம் எல்லாவற்றையும் சுருட்டி அந்தத் துளைக்குள் திணித்தேன். கச்சிதமாக அடைத்தது. அந்தப் படிவத்தால் அந்த இல்லத்துக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தண்ணீர் மெல்ல மெல்லக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவன் விளையாட்டுப் பேச்சு போலவே இன்னொன்றும் சொன்னான்.

“நீங்க நெசமாவே குழுவா இருந்தா ஒண்ணு பண்ணுங்கண்ணே. அந்த பெல்ல உள்ள வெக்கச் சொல்லுங்க. எனக்கு இளைப்பு இருக்கு. எட்டு மணிக்கு மேல தண்ணிய நிறுத்திருவாங்க. போன மாசம் மூச்சு வாங்குச்சு. குழாயத் தொறந்தேன், சொட்டுகூட வரல. விடியற வரைக்கும் சுவத்துல முதுகச் சாச்சு உக்காந்திருந்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாருண்ணே கேட்டா? நீங்கல்லாம் வரும்போது கண்காணிப்பாளரு கூடவே நிப்பாரு. ‘நல்லா இருக்கியா’ம்பீங்க. நல்லா இருக்கேம்போம்.”

அவையோரே, இத்தனை நேரம் சிரித்தீர்களே, இப்போது சிரியுங்கள் பார்ப்போம்!

பெருக்கும் பணியாளர் துடைப்பத்தோடும் காவலர் மேசையிலிருந்த சாவியோடும் ஓடிவந்து என்னை விடுவித்தார். “எவன்டா தண்ணிய விட்டவன்?” என்று கதவைத் திறந்தவர், கால்சட்டை நனைந்து நின்ற என்னைக் கண்டு துடைப்பத்தோடு வணக்கம் வைத்தார். தேநீர் மேசைக்கு ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். தலைவர் என்ன சொன்னார்?

“பெல் இருக்கா, இல்லையா? அதான்ப்பா கேள்வி. எங்க இருக்குன்னு கேக்கக் கட்டமே இல்லையே.”

மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு எனக்கு வந்தது விளக்கம் கேட்டு ஒரு கடிதம்: ‘அரசுப் படிவத்தை நனைத்துச் சேதப்படுத்தியது ஏன்?’

பெரியோர்களே! தாய்மார்களே! கூட்டத்தின் ஏழாம் பொருளாகப் புதிய ஆய்வு நெறிமுறை உங்கள் வாக்குக்கு வருகிறது. சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது அது. அதிகாரி அருகில் இல்லாமல் பிள்ளையோடு பேச வேண்டும் என்கிறது. இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் இயங்குகிறதா என்று இயக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. செலவு அதிகம், சிரமம் அதிகம், இன்னும் ஓராண்டு யோசிப்போம் என்று உங்களிடம் சொல்வார்கள். யோசிக்கலாம். நமக்கு மூச்சு சீராக வருகிறது, எத்தனை ஆண்டும் யோசிக்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் அவன் எதைத் திறப்பான்? யாரை அழைப்பான்? குற்றம் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மூச்சு விடும் உரிமைக்குமா தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டும்? கதவைப் பூட்டும் கைக்குக் கடமை உண்டு. பூட்டியதைப் பார்க்கப் போகும் கண்ணுக்கு அதைவிடக் கடமை உண்டு. உள்ளே போங்கள்! கதவைச் சாத்தச் சொல்லுங்கள்! கையை நீட்டுங்கள்! பொத்தான் எட்டுகிறதா என்று பாருங்கள்! எட்டவில்லை என்றால், ஏழாம் பொருளுக்குக் கையை உயர்த்துங்கள்! அந்தக் கையாவது அவனுக்கு எட்டட்டும்!

அந்த இல்லத்தில் இளைப்பு உள்ளவர்கள் நான்கு பேர் என்று மருத்துவக் குறிப்பேடு சொல்கிறது. அவன் அந்த நால்வரில் ஒருவன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். அதுவே அதிசயம்.

“பேரு போடப் போறீங்களா?”

“போடாம? எட்டு வருஷம் வாய மூடிட்டு இருந்தவன் நான்.”

“நீங்களா? வீட்டுக்குள்ள அப்படித் தெரியலையே. பேரு போட்டா உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. யாரு சொல்லிக் குடுத்தான், எந்தப் பக்கத்து ரூமுன்னு கேப்பாங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, எங்கிட்டயே வந்ததில்ல. அந்தப் புள்ள மாட்டிக்கும். அப்புறம் இன்னொண்ணு. உங்க பேரப் பாத்தா பாதிப் பேரு மேல படிக்கவே மாட்டாங்க.”

இரண்டாவது காரணம் எனக்கு வலித்தது. முதல் காரணத்துக்காகப் பேனாவை மூடி வைத்தேன்.

தண்ணீர்க் கதையைப் படித்ததுமே இவன் யாரென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும். வாய்க்கு வாய் தெரிவதை விசாரணை அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க முடியாது, கையெழுத்தை வைத்துக் கேட்கலாம். இதுவரை பொறுமையாகப் படித்த கண்களுக்கு நன்றி. பாதியில் எழுந்து போனவர்களுக்கும் நன்றி, உங்களால் இடம் தாராளமாயிற்று. ஏழாம் பொருளுக்கு உயரப்போகும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம். முப்பத்தொரு உறுப்பினர்களுக்கும் முப்பத்தொரு உறை ஒட்டி வைத்திருக்கிறேன். எழுதியவன் பெயரை எல்லாப் படியிலிருந்தும் நீக்கிவிட்டேன். கையெழுத்தில்லாமல் காலைத் தபாலில் சேர்க்கிறேன்.