தையல் போடக் கூடாத கிழிசல்

மாரடைப்புதான்க்கா, ஆனா கொழுப்பு அடைச்சு வந்ததில்ல. எனக்குக் குழாய் கிழிஞ்சிருக்கு. ஆமா, கிழிசலேதான்! இதயத்துக்கு ரத்தம் போற குழாயில, உள்பக்கச் சுவரு தானா விட்டுப்போச்சு.

நான் தையல்காரி பாருங்க, டாக்டர் சொன்னதும் சட்டுனு புரிஞ்சுபோச்சு. கோட்டுல உள்துணி பிரிஞ்சிருந்தா, கை விடுறப்போ ரெண்டு துணிக்கும் நடுவுல போயி மாட்டிக்கும்ல? அதே கதை. ரத்தம் நடுவுல பூந்து, போற வழியையே அமுக்கிடுச்சாம்.

அப்போ ரெண்டு தையல் போட்டுவிடுங்க டாக்டர்னேன். சிரிக்கிறாரு! தொட்டா இன்னும் கிழியும்மா, விட்டா பெரும்பாலும் தானா ஒட்டிக்கும்ங்கிறாரு. இருபத்திரண்டு வருஷமா கிழிசலப் பாத்தாலே என் கை ஊசியத் தேடும். என்னப் போயி சும்மா இருன்னா எப்படிக்கா?

என் வீட்டுக்காரரா? வண்டி நிறுத்தப் போயிருக்காரு. இந்த ஆஸ்பத்திரியில எடம் கெடைக்கிறது லேசா?

ஏன் வந்துச்சுன்னு நானும் கேட்டேன். சர்க்கரை இல்ல, கொழுப்பு இல்ல, கனமா எதையும் தூக்கல. பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருமாம். மனசுல பெரிய அதிர்ச்சி ஏதாவது உண்டான்னாரு. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டேன்.

அன்னைக்கு நெஞ்சப் பிடிச்சப்போ வாயுன்னுதான் நெனச்சேன். கையில இருந்த சட்டைக்கு மிச்சம் நாலு பட்டனையும் தைச்சு முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் திட்டுன திட்டு இருக்கே! ஆனா எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. திட்டுறதுக்காவது ஒருத்தர் இருந்தாரே.

இப்போ மாத்திரை, கொஞ்சம் நடை. கனம் தூக்கக் கூடாது. துணிக்கட்டக் காலாலயே தள்ளிக்கிறேன். இன்னிக்கு ஸ்கேன் எடுத்து, ஒட்டிக்கிச்சான்னு பாப்பாங்க. ஒட்டலன்னா மறுபடி மெஷின்ல உக்கார முடியுமான்னே தெரியல, பயமா இருக்குக்கா. கூட வந்த சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவாங்க. போன தடவ திருப்பி அனுப்பிட்டாங்க.

ம்? ஆமா... அப்பவும் வண்டி நிறுத்தத்தான் போயிருந்தாரு.

அக்கா, உங்க வீட்டுக்காரரு டெஸ்ட் முடிஞ்சு வெளிய வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னீங்கல்ல? என்னக் கூப்பிட்டா, கூடப்பொறந்த அக்கான்னு சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுடுறீங்களா? அவரு வர மாட்டாரு. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி நாலு மாசமாச்சு. அந்தச் சட்ட அவருக்குத் தைச்சதுதான். நெஞ்சப் பிடிச்சது அவரு போன மறுநாள்.

இதோ, கூப்பிடுறாங்க. பேனா நான் வச்சிருக்கேன்க்கா.